வகுப்பறை இரைச்சலும் இருமொழிக் குழந்தைகளும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

பள்ளிகள் திறந்து தென்மேற்குப் பருவமழையும் தொடங்கிய பிறகு கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து வந்த கடிதங்கள் பலவற்றில் ஒரே கவலை இருந்தது. வீட்டில் ஒரு மொழியும் பள்ளியில் வேறொரு மொழியுமாக வளரும் பிள்ளைகளுக்கு, சத்தம் மிகுந்த வகுப்பில் ஆசிரியர் சொல்வது சரியாகப் புரிவதில்லை என்பதே அது. இந்த முறை பக்கங்கள் முழுவதையும் அந்தப் பொருளுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

என் மகள் ஆங்கிலவழிப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். வீட்டில் தமிழும் மலையாளமும் கலந்து பேசுகிறோம். இரவில் நான் பக்கத்தில் உட்கார்ந்து ஆங்கிலத்தில் பாடம் கேட்டால் சரியாகச் சொல்கிறாள். ஆனால் "வகுப்பில் கவனிப்பதில்லை, பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்தே எழுதுகிறாள்" என்று ஆசிரியை டைரியில் எழுதி அனுப்புகிறார். காதுப் பரிசோதனையில் குறை ஒன்றும் இல்லை என்றார்கள். அவளைக் கண்டிப்பதா, வேறு ஏதாவது செய்வதா?
— ஒரு தாய், குழித்துறை

கண்டிக்க வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தால், அவளிடம் கவனம் குறைவதாகத் தெரியவில்லை. அவளிடம் போய்ச் சேரும் பேச்சுதான் குறைவாக இருக்கிறது என்று தோன்றுகிறது. இரவில் அமைதியான அறையில், கை எட்டும் தூரத்தில், உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே அவள் கேட்கும் ஆங்கிலம் வேறு. நாற்பது பிள்ளைகளின் சலசலப்பும் மின்விசிறியின் உறுமலும் வராந்தாவின் காலடிச் சத்தமும் சூழ்ந்த அறையில், ஐந்தாவது பெஞ்சிலிருந்து அவள் கேட்கும் ஆங்கிலம் வேறு.

காதுப் பரிசோதனையில் குறை தெரியாததும் இதற்கு முரணானதன்று. வழக்கமான அந்தப் பரிசோதனை, அமைதியான அறையில் மெல்லிய தனி ஒலிகளை ஒவ்வொன்றாகக் கொடுத்து, அவை கேட்கின்றனவா என்று பார்ப்பது. இரைச்சலுக்கு நடுவே பேச்சைப் பிரித்தறியும் திறனை அது அளப்பதில்லை. அந்தத் திறன் குழந்தைகளிடம் மெதுவாகத்தான் முதிர்கிறது. பதின்பருவம் வரையிலும் அவர்கள் இதில் பெரியவர்களுக்கு நிகராவதில்லை. அதனால் பெரியவர்கள் "அப்படியொன்றும் சத்தம் இல்லையே" என்று நினைக்கும் அறையிலும் எட்டு வயதுப் பிள்ளை திணறக்கூடும். எந்த மொழி பேசும் பிள்ளைக்கும் இது பொருந்தும்.

இருமொழிப் பிள்ளைக்கு இதற்கு மேலும் ஒரு சுமை உண்டு. இரைச்சல் பேச்சை முழுவதும் மூடிவிடுவதில்லை, அங்கங்கே அரித்துவிடுகிறது. உயிரொலிகள் உரத்தும் நீண்டும் ஒலிப்பதால் தப்பித்துக்கொள்கின்றன. மெய்யொலிகளில் பல குறுகியவை, மெலிந்தவை. ஜார்ஜ் மில்லரும் பேட்ரிசியா நைஸ்லியும் 1955இல் வெளியிட்ட ஆய்வு, ஒரு மெய்யொலி வாயில் எந்த இடத்தில் பிறக்கிறது என்ற அடையாளமே இரைச்சலில் மிக எளிதில் அழிந்துபோகிறது என்று காட்டியது. பட்டு, தட்டு, கட்டு என்னும் மூன்றும் சத்தத்துக்கு நடுவே ஒன்றுபோலக் கேட்பதும், ஆங்கிலத்தில் "த்ரீ" என்றது "ஃப்ரீ" என்று காதில் விழுவதும் இதனால்தான்.

ஆனால் தமிழ் பேசும் வீட்டில் வளர்ந்த பிள்ளையிடம் "அம்மா –ட்டுப் புடவை உடுத்தியிருக்கிறாள்" என்று முதலெழுத்து விழாமல் சொன்னாலும், அது பட்டுதான் என்று யோசிக்காமலே நிரப்பிக்கொள்ளும். சுசீந்திரம் கோயில் கல்வெட்டில் சில எழுத்துகள் தேய்ந்திருந்தாலும் பழந்தமிழில் ஊறியவர் வரியைப் படித்துவிடுவார். எழுத்தை மட்டும் புதிதாகக் கற்றவர் அந்த இடத்திலேயே நின்றுவிடுவார். ஆங்கிலம் உங்கள் மகளுக்கு இன்னும் அப்படிப் புதிய மொழி. விடுபட்டதை ஊகிக்கத் தேவையான சொற்களும், எந்தச் சொல்லுக்குப் பின் எது வரும் என்ற பழக்கமும் அவளிடம் இப்போதுதான் சேர்ந்துகொண்டிருக்கின்றன. ஒரு சொல்லை அவள் தேடிக்கொண்டிருக்கும்போதே ஆசிரியை அடுத்த வாக்கியத்துக்குப் போய்விடுகிறார்.

அமெரிக்காவில் பெகி நெல்சனும் அவருடைய குழுவினரும் 2005இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டாம் வகுப்புக் குழந்தைகளுக்கு ஆங்கிலச் சொற்களை அமைதியிலும் வகுப்பறை இரைச்சலிலும் கேட்கக் கொடுத்தார்கள். இரைச்சலால் ஏற்பட்ட சரிவு, ஆங்கிலம் மட்டுமே பேசும் குழந்தைகளைவிட, வீட்டில் ஸ்பானிஷ் பேசிப் பள்ளியில் ஆங்கிலம் கற்ற குழந்தைகளிடம் பெரிதாக இருந்தது. இது குழந்தைப் பருவத்தோடு முடிந்துவிடுவதும் இல்லை. லின் மாயோவும் உடனாய்வாளர்களும் 1997இல் பெரியவர்களிடம் நடத்திய ஆய்வில், பிறந்ததிலிருந்தே இரண்டு மொழிகளோடும் வளர்ந்தவர்கள்கூட இரைச்சலில் ஒருமொழியினர் அளவுக்கு ஈடுகொடுக்கவில்லை. பதினான்கு வயதுக்குப் பின் ஆங்கிலம் கற்றவர்கள் மேலும் பின்தங்கினார்கள். அமைதியான இடத்தில் சரளமாகப் பேசும் ஒருவருக்கும் இரைச்சலில் இந்த இடைவெளி வெளிப்படுகிறது என்பது உங்கள் மகளின் ஆசிரியையும் அறிய வேண்டிய செய்தி.

ஆசிரியையை நேரில் சந்தித்து, குறை சொல்லும் தொனி இல்லாமல், வீட்டில் நீங்கள் காண்பதைச் சொல்லுங்கள். முதல் இரண்டு வரிசைகளில், சாலைப் பக்கத்துச் ஜன்னலையும் கதவையும் விட்டுத் தள்ளி, ஆசிரியையின் வாயசைவு தெரியும்படி இடம் கேளுங்கள். பேசுபவரின் உதடுகளைப் பார்ப்பது, இரைச்சல் அழித்த அந்த "இட" அடையாளத்தை ஓரளவு மீட்டுத் தருகிறது. "புரிந்ததா?" என்று கேட்டால் பிள்ளைகள் தலையாட்டிவிடுவார்கள், "இப்போது என்ன செய்யச் சொன்னேன்?" என்று கேட்கும்படி கேட்டுக்கொள்ளுங்கள். பக்கத்து நோட்டைப் பார்ப்பதைக் குற்றமாக நினைக்க வேண்டாம். காதுக்கு எட்டாமல் போனதை அவள் கண்ணால் தேடிக்கொள்கிறாள். முயற்சி செய்யாத பிள்ளை அதைச் செய்யாது. மழைக்காலத்துச் சளிக்குப் பிறகு டிவி சத்தத்தைக் கூட்டி வைக்கிறாள் என்றால் மட்டும் காதை மறுபடி காட்டுங்கள். செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்கினால் சுமார் 20 முதல் 30 டெசிபல் வரை கேட்கும் திறன் குறையும். அது வந்தும் போயும் இருப்பதால் ஒரு நாள் பரிசோதனையில் தப்பிவிடலாம்.

எங்கள் தொடக்கப் பள்ளியில் ஒரே நீண்ட கூடத்தில் மூன்று வகுப்புகள் நடக்கின்றன. நடுவில் ஆளுயரத் தட்டிகள் மட்டுமே. மேலே தகர ஷீட். ஒரு பக்கம் தமிழ்வழி, மறுபக்கம் ஆங்கிலவழி. மழை பெய்தால் கத்துவதைத் தவிர வழியில்லை. சனிக்கிழமை வருவதற்குள் தொண்டை கட்டிவிடுகிறது. பெரிய செலவு செய்யப் பணம் இல்லை. என்ன செய்யலாம்?
— ஓர் ஆசிரியை, தக்கலை அருகே

உங்கள் தொண்டை கட்டுவதிலிருந்தே தொடங்குகிறேன். சுற்றிலும் சத்தம் கூடினால் மனிதர் தம்மை அறியாமலே குரலை உயர்த்துவார்கள் என்பதை எத்தியேன் லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911இலேயே விளக்கினார். உங்கள் கூடத்தில் நீங்கள் குரலை உயர்த்தினால் தட்டிக்கு அப்பால் இருக்கும் ஆசிரியரும் உயர்த்துவார், பிள்ளைகளும் உயர்த்துவார்கள். மூன்று வகுப்பும் களைத்துப்போகும், ஒரு வகுப்புக்கும் தெளிவு கூடாது. ஆகவே கத்துவது தீர்வாகாது; சத்தத்தைக் குறைப்பதும் தூரத்தைக் குறைப்பதுமே வழி.

வகுப்பறை எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு அளவுகள் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 1999இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பாடம் நடக்கும்போது பின்னணி இரைச்சல் 35 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது என்கிறது. அமெரிக்கத் தர நிர்ணயம் 2002இல் ஆளில்லாத சாதாரண வகுப்பறைக்கு அதே 35 டெசிபலையும், எதிர்முழக்க நேரத்துக்கு, அதாவது ஒலி நின்ற பிறகும் அதன் முழக்கம் அறைக்குள் தேய்ந்து அடங்க எடுக்கும் நேரத்துக்கு, 0.6 விநாடியையும் வரம்பாக வைத்தது. ஆசிரியரின் குரல் இரைச்சலைவிட 15 டெசிபலாவது உயர்ந்து நிற்க வேண்டும் என்பது கேட்டல் துறையினர் பரிந்துரைக்கும் அளவு. நம் ஊர்ப் பள்ளிகள் இதிலிருந்து வெகு தொலைவில் இருக்கின்றன என்பதை நீங்கள் சொல்லாமலே அறிவேன். ஆனாலும் இந்தக் கணக்கிலிருந்து செலவில்லாத ஒரு வழி கிடைக்கிறது. திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் குரல் 6 டெசிபல் குறைகிறது. உங்களிடமிருந்து ஒரு மீட்டரில் 65 டெசிபலாக இருக்கும் குரல் நான்கு மீட்டரில் சுமார் 53 டெசிபல் ஆகிறது. அறைக்குள் சுவர்கள் சற்றுத் திருப்பி அனுப்புவதால் குரல் அவ்வளவு குறையாது. ஆனால் திரும்பி வரும் அந்தக் குரல் கலங்கிய குரல், மெய்யொலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக இழுத்து மூடும் குரல். எனவே புதிய பாடத்தை வாய்மொழியாக விளக்கும் பதினைந்து நிமிடங்களுக்கு மட்டும் பிள்ளைகளைத் தரையில் அரைவட்டமாக, உங்களுக்கு மிக அருகில் உட்கார வையுங்கள். பெஞ்சுக்குத் திரும்பியபின் எழுத்துவேலை நடக்கட்டும். ஒரு காசும் செலவில்லாமல், குரலையும் உயர்த்தாமல், கடைசி வரிசைப் பிள்ளைக்குப் பல டெசிபல் கூடுதலாகக் கிடைக்கும்.

அடுத்ததாக, கால அட்டவணை. மூன்று ஆசிரியர்களும் உட்கார்ந்து, ஒரு வகுப்பில் வாய்பாடு உரக்கச் சொல்லும் நேரத்தில் மற்ற இரண்டும் எழுத்திலோ வரைதலிலோ இருக்கும்படியும், ஒரு வகுப்பில் ஆங்கிலம் புதிதாக அறிமுகமாகும் நேரத்தில் மற்றவை அமைதியாக இருக்கும்படியும் பிரித்துக்கொள்ளுங்கள். இதை நான் மிகவும் வற்புறுத்துவேன். எல்லா இரைச்சலிலும் கேடு மிகுந்தது மின்விசிறியோ லாரியோ அல்ல, மற்றவர் பேச்சு. கேட்பவருக்குப் புரியும் மொழியில் பின்னணியில் பேச்சு நடந்தால், புரியாத மொழிப் பேச்சைவிட அது அதிகமாகக் குறுக்கிடுகிறது என்று கிறிஸ்டின் வான் எங்கனும் ஆன் பிராட்லோவும் 2007இல் ஆங்கிலம் பேசுவோரிடம் கண்டறிந்தார்கள். தட்டிக்கு இந்தப் பக்கம் ஆங்கிலத்தைத் தட்டுத்தடுமாறிப் பின்தொடரும் பிள்ளையின் காதில், அந்தப் பக்கத்திலிருந்து தாய்மொழியில் ஒரு கதை விழுந்தால், மனம் எங்கே போகும் என்பதை நீங்களே அறிவீர்கள். அந்தப் பிள்ளையை அதட்டுவது நியாயமாகாது.

சுவர்களுக்கு வருவோம். எதிர்முழக்கத்தை அளந்து விதி கண்டவர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்து வாலஸ் செபைன். 1890களில், பேச்சே புரியாத ஒரு விரிவுரைக்கூடத்தைச் சரிசெய்யும் பொறுப்பு அவருக்கு வந்தபோது, வேறொரு அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவுகளில் கொண்டுவந்து பரப்பி, எத்தனை மெத்தைக்கு முழக்கம் எவ்வளவு குறைகிறது என்று அளந்தார். துளைகள் உள்ள மெத்தென்ற பொருள் ஒலியை விழுங்கும். வழவழப்பான சிமென்ட் சுவரும் தகரமும் திருப்பி எறியும். தென்னை நாருக்கு நம் மாவட்டத்தில் பஞ்சமில்லை. தடித்த தென்னைநார்ப் பாய்களை, சுவரோடு ஒட்டாமல் இரண்டு அங்குல இடைவெளி விட்டு மரச்சட்டத்தில் அடித்து, கரும்பலகைக்கு எதிர்ச் சுவரிலும் பக்கச் சுவர்களின் மேற்பகுதியிலும் மாட்டினால் கூடத்தின் கலங்கல் குறையும். தெர்மோகோல் தாளும் முட்டை அட்டையும் இதற்கு உதவுவதில்லை. அவற்றில் பணத்தை வீணாக்க வேண்டாம்.

ஓர் எச்சரிக்கை. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீ விபத்தில் 94 குழந்தைகள் இறந்த பிறகுதான் தமிழ்நாட்டுப் பள்ளிகளிலிருந்து ஓலைக் கூரைகள் நீக்கப்பட்டன. அந்த முடிவு சரியானது. சத்தத்துக்காக ஓலைத் தடுப்பையோ பஞ்சு நுரைத் தாள்களையோ மறுபடி உள்ளே கொண்டுவரக் கூடாது. நார்ப் பாயும் எரியக்கூடியதே. மின்கம்பிகளுக்கும் சுவிட்சுகளுக்கும் அடுப்பறைக்கும் அருகில் அதை மாட்ட வேண்டாம். வெளியேறும் வழியை மறைக்கவும் வேண்டாம்.

தகர ஷீட்டின் மழைச்சத்தத்தை நார்ப் பாய் தடுக்காது, ஏனெனில் ஷீட்டே அதிர்ந்து அந்தச் சத்தத்தை எழுப்புகிறது. அதற்குக் கீழே இடைவெளி விட்டுத் தீப்பிடிக்காத பலகையால் உட்கூரை அமைப்பதே தீர்வு; பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானமாக அதை எழுதி அனுப்புங்கள். அதுவரை, இரண்டு பருவமழையும் பெறும் நம் மாவட்டத்தில், மழை நேரத்துக்கென்று தனியாகப் பாடத் திட்டம் வைத்துக்கொள்வது நல்லது: படம் பார்த்து எழுதுதல், தனியே வாசித்தல், கரும்பலகைக் கணக்கு. மழை கொட்டும்போது சொன்ன பாடத்தைச் சொல்லாத பாடமாகவே கருதி, விட்டபின் மீண்டும் சொல்லுங்கள்.

இடுப்பில் கட்டும் சிறிய ஒலிபெருக்கியைச் சிலர் பரிந்துரைப்பார்கள். தனி அறை உள்ள ஆசிரியருக்கு அது நல்ல துணை. உங்கள் கூடத்தில் அது பக்கத்து வகுப்புக்கு இன்னொரு இரைச்சலாகிவிடும்.

பள்ளிக் கூட்டத்தில் "வீட்டிலும் ஆங்கிலமே பேசுங்கள், அப்போதுதான் வகுப்பில் புரியும்" என்றார்கள். மகன் பாட்டியோடு தமிழில்தான் பேசுவான். அதை நிறுத்த வேண்டுமா?
— ஒரு தந்தை, குளச்சல்

நிறுத்த வேண்டாம். இந்த அறிவுரை நல்ல எண்ணத்தோடு சொல்லப்பட்டாலும் தவறானது. வகுப்பில் அவனுக்குத் தடையாக இருப்பது பாட்டியின் தமிழ் அல்ல.

இரைச்சலில் விடுபட்ட சொல்லை ஊகிக்க மொழியறிவு மட்டும் போதாது. பேசப்படும் பொருளைப் பற்றிய அறிவும் வேண்டும். கடல் காற்று ஏன் பகலில் கரையை நோக்கி வீசுகிறது என்று பாட்டியோ நீங்களோ முந்தைய நாள் இரவு தமிழில் விளக்கியிருந்தால், மறுநாள் வகுப்பில் ஆங்கிலச் சொற்களில் பாதி மட்டுமே காதில் விழுந்தாலும் மீதியை அவன் கட்டி எழுப்பிக்கொள்வான். பொருளே தெரியாத பிள்ளைக்குப் பாதிச் சொல் விழுந்து பயனில்லை. ஆகவே அடுத்த நாள் நடக்கப்போகும் பாடத்தை முன்கூட்டியே தமிழில் பேசிவிடுங்கள். அதில் வரும் ஐந்தாறு ஆங்கிலச் சொற்களை மட்டும் அமைதியான இடத்தில், முகம் பார்த்து, தெளிவாகச் சொல்லிப் பழக்குங்கள். ஆங்கிலத்தில் தயங்கித் தயங்கி நீங்கள் பேசும் பத்து வாக்கியங்களைவிட, நிறைந்த தமிழில் நீங்கள் சொல்லும் ஒரு விளக்கம் அவனுக்கு அதிகம் கொடுக்கும்.

1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு இணைந்த பிறகும், எல்லைப் பகுதிக் குடும்பங்கள் தமிழையும் மலையாளத்தையும் ஒருசேரக் காத்து வந்திருக்கின்றன. இரண்டு மொழி பேசுவது இந்த மாவட்டத்துக்குப் புதிதல்ல. கேட்க முடியாத அறையில் மூன்றாவது மொழியைக் கற்கச் சொல்வதுதான் பிள்ளைகளுக்குப் புதிய சுமை.

இருமொழிப் பிள்ளைகளுக்கு மூளை கூர்மை என்று ஓரிடத்திலும், இரைச்சலில் அவர்கள் பின்தங்குவார்கள் என்று இன்னோரிடத்திலும் படித்தேன். எது சரி?
— பி.எட். மாணவி, நாகர்கோவில்

இரண்டும் வெவ்வேறு கேள்விகள். மூளைக் கூர்மை பற்றி ஆய்வாளர்களிடையே இன்னும் கருத்து வேறுபாடு நீடிக்கிறது. இரைச்சலைப் பொறுத்தவரை, நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட முடிவு தெளிவானது: இருமொழியினர் இரைச்சலில் வாக்கியங்களைக் கேட்பதில் பின்தங்கினார்கள், பேச்சல்லாத தனி ஒலியைக் கண்டறிவதில் முந்தினார்கள். அதாவது காதில் குறையில்லை. மொழியறிவைத் துணைக்கு அழைக்க வேண்டிய இடத்தில்தான் இடைவெளி வருகிறது. நீங்கள் ஆசிரியராகும்போது இதை நினைவில் வைத்து, இரைச்சலில் வாய்மொழித் தேர்வு வைத்து ஒரு பிள்ளையின் அறிவை எடைபோடாமல் இருந்தால் நல்லது.

எங்கள் பள்ளி நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது. பேருந்து ஹாரனும், திருவிழாக் காலத்தில் ஒலிபெருக்கியும் பாடத்தைக் கெடுக்கின்றன. சட்டத்தில் வழி உண்டா?
— பெற்றோர் ஆசிரியர் கழக உறுப்பினர், மார்த்தாண்டம்

உண்டு. ஒலி மாசு (ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாடு) விதிகள், 2000 என்பவை கல்வி நிறுவனங்களைச் சுற்றி 100 மீட்டரை அமைதி மண்டலமாகக் கருத இடமளித்து, அங்கே பகல் நேர வரம்பை 50 டெசிபலாக வைத்துள்ளன. ஆனால் 2017இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, மாநில அரசு அறிவித்திருந்தால்தான் ஓர் இடம் அமைதி மண்டலமாகும். ஆகவே முதலில் உங்கள் பள்ளிப் பகுதி அவ்வாறு அறிவிக்கப்பட்டிருக்கிறதா என்று மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் எழுத்து மூலம் கேளுங்கள். இல்லையென்றால் அறிவிக்கக் கோரி மனு கொடுங்கள். மனுவோடு, எந்த நேரத்தில் எத்தனை முறை பாடம் தடைப்படுகிறது என்று ஒரு வாரத்துக்குக் குறித்த தாளையும் இணையுங்கள்.

சாலை, ரயில் சத்தம் பிள்ளைகளின் படிப்பைத் தொடும் என்பதற்கு நியூயார்க்கில் ஆர்லின் பிரான்சாஃப்ட் செய்த ஆய்வு நல்ல சான்று. மேம்பாலத்தில் ரயில் ஓடும் பக்கத்து வகுப்புகளில் படித்த பிள்ளைகள் வாசிப்பில் அமைதியான பக்கத்துப் பிள்ளைகளைவிடப் பின்தங்கியிருந்ததை அவர் 1975இல் வெளியிட்டார். தண்டவாளத்துக்கு ரப்பர் மெத்தை வைத்து, வகுப்பறைகளுக்கு ஒலி உறிஞ்சும் உட்கூரை போட்ட பிறகு, 1981இல் வெளியான அடுத்த ஆய்வில் அந்த வேறுபாடு மறைந்திருந்தது. மாறியது சத்தம்தான், பிள்ளைகள் அல்ல. உங்கள் மனுவில் இதைத் தயங்காமல் குறிப்பிடலாம். மனு முடிவாகும் வரை, சிறிய வகுப்புகளையும் மொழிப் பாடங்களையும் சாலைக்கு மறுபுறத்து அறைகளுக்கு மாற்றி, சாலைப் பக்கத்து அறைகளை அலுவலகத்துக்கும் நூலகத்துக்கும் கைவேலைக்கும் விட்டுவிடலாம்.

ரப்பர் தோட்டத்தில் வேலை செய்ய அசாமிலிருந்து வந்த குடும்பத்துப் பையன் என் இரண்டாம் வகுப்பில் சேர்ந்திருக்கிறான். ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. காது கேட்காதோ என்று சந்தேகமாக இருக்கிறது.
— ஆசிரியர், குலசேகரம்

புது மொழிக்குள் வந்து விழுந்த பிள்ளை சில மாதங்கள் பேசாமல் கேட்டுக்கொண்டே இருப்பது இயல்பு. ஆனாலும் உங்கள் சந்தேகத்தை ஒதுக்க வேண்டாம். மௌனத்துக்கு மொழிதான் காரணம் என்று விட்டுவிட்டு, காதுக் குறையைப் பல ஆண்டு கழித்துக் கண்டுபிடிப்பதைவிட இப்போதே பார்ப்பது மேல். அவன் பின்னால் நின்று, அவன் மொழியில் பெற்றோரை மெதுவாகக் கூப்பிடச் சொல்லிப் பாருங்கள். பள்ளிக்கு வரும் சிறார் நலப் பரிசோதனைக் குழுவிடமும் தெரிவியுங்கள். தேவைப்பட்டால் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு அனுப்பலாம்.

காது நலமாக இருந்தால், வகுப்பு முழுவதும் ஒன்றாக ஒப்புவிக்கும் நேரம் அவனுக்குப் பயன்படாது. அந்தக் கூட்டுக் குரலில் சொல்லின் எல்லையே அவனுக்குப் பிடிபடாது. முதல் மணி அடிப்பதற்கு முன் பத்து நிமிடம், வகுப்பு நிரம்பாத அமைதியில், அன்றைய பாடத்தின் நான்கைந்து சொற்களைப் படத்தோடும் பொருளோடும் காட்டிச் சொல்லுங்கள். தெளிவாகப் பேசும் ஒரு பிள்ளையை அவனுக்குப் பக்கத்தில் உட்கார வையுங்கள். பதிலை வாயால் சொல்லக் கட்டாயப்படுத்தாமல், சுட்டிக்காட்டவோ வரையவோ விடுங்கள்; பேச்சு பிறகு வரும்.